தாத்தா தள்ளிய தட்டு

மஞ்சளாற்றுத் துறையில் சுங்கக் காவல் பார்க்கும் என் மூத்த மகன் கெங்குக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் தம்பி போயுவும் அவன் மனைவியும் உடம்பளவில் நலம். ஆற்றுக் குளிர் நெஞ்சில் இறங்காமல் நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வடக்குச் சுவர் இந்த மழையில் மறுபடி சரிந்துவிட்டது. மூன்று மன்னர்களுக்கு முதலமைச்சராக இருந்தவரின் வீடு என்று வழிப்போக்கர்கள் நின்று வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் ஒரு கூடை மண் கொண்டுவருவதில்லை. உன் தாத்தாவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியாததல்ல. மன்னர் தந்த குதிரைகளைத் திருப்பி அனுப்பியவர், என் அம்மாவின் சவப்பெட்டிக்கு மெல்லிய பலகையே போதும் என்றவர், சடங்குப் பாத்திரச் சாலையின் தலைமைக்கு மன்னர் என் பெயரைச் சொன்னபோது, "என் பையன் வேண்டாங்க, அவனவிடப் படிச்சவன் இருக்கான்" என்று சபையிலேயே சொன்னவர். அந்தப் படித்தவனுக்குக் கீழேதான் இன்னும் வெண்கலக் குடம் துடைக்கிறேன்.

அதனால்தான் ஷுன் குலத்துக் காரியக்காரன் து பான், தாத்தாவின் ஆண்டுப் படையலுக்கு என்று முழுப் பன்றியும் கருப்புப் பட்டும் கொண்டுவந்தபோது நான் கதவை மூடவில்லை. மன்னரைவிட ஆள்பலம் உள்ள குலம் அது. அவர்கள் கேட்டது ஒன்றுதான், அவர்களுடைய உப்பு வண்டிகள் வரும்போது நீ சோதிக்காமல் விட வேண்டும். "உப்புதாங்க ஐயா, மூட்டையப் பிரிச்சா ஈரம் பிடிச்சிடும். துறையில இருக்கிற உங்க பையனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க, உங்க சுவர நாங்க பார்த்துக்கிறோம்" என்று சிரித்தான். எழுதுகிறேன் என்றேன். உப்புக்காக யாரும் பன்றி கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுடைய உலைகளில் ஈட்டிமுனை வார்ப்பதாக ஊரே பேசுகிறது. ஆனாலும் ஒரு முறையாவது உன் தாத்தா எதிரில் கொழுத்த தட்டை வைத்து, இவ்வளவுதான் நீங்கள் எங்களுக்குத் தராதது என்று காட்ட வேண்டும் என்றிருந்தது.

இத்தனை ஆண்டும் படையலில் தாத்தாவின் உடுப்பை அணிந்து, அவராகவே மேடையில் அமர்ந்து உண்டவன் நீ. பேரன் உண்டால்தான் அவர் உண்டதாகும். அவன் எழுந்தால்தான் நாங்கள் எழலாம். நீ துறையில் இருப்பதால் இம்முறை அது போயுவின் பொறுப்பு. அவன் சாப்பாட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே அடுப்படியில் நின்று, "அண்ணன் இத்தனை வருஷம் தனியா அனுபவிச்சிட்டான்மா, தோல் நல்லா முறுகட்டும்" என்று அம்மாவை நச்சரித்தான். தாத்தா இறந்தபோது அவன் தொட்டிலில் கிடந்தவன். ஆனால் மேடையில் அமர்ந்ததும் இடது கைமடிப்பை உள்ளே மடக்கி அதன் கிழிசலை மறைத்துக்கொண்டான். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. நான் பன்றித் தட்டை வைத்து நெற்றி தரையில் படப் பணிந்தேன். நிமிர்ந்தபோது தட்டு என் பக்கம் வந்திருந்தது. மறுபடி வைத்தேன். புறங்கையால் மெல்லத் தள்ளினான். பிறகு என்னைப் பார்த்தான், கெங். சபையில் என் பெயர் எழுந்த அன்று என்மேல் விழுந்த அதே பார்வை, கோபமே இல்லாதது. பெரியவர் உண்டார் என்று அறிவிக்க வேண்டிய சடங்காளர் வாயைத் திறக்கவில்லை. கொழுப்பு வெள்ளையாக உறைந்தது, எங்கள் முழங்கால் மரத்துப்போனது, எழவும் வழியில்லை. விருந்தாளியாக வந்திருந்த து பான் என் காதருகே குனிந்து, "செத்தும் பிடிவாதம் போகல போலிருக்கே ஐயா" என்றான். கடைசியில் உன் அம்மா, யாரையும் கேட்காமல், எங்களுக்கென்று வைத்திருந்த தினைக்கஞ்சியையும் ஊறவைத்த கீரையையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் வழித்துக் குடித்தான். எழுந்து உள்ளே போனான். உடுப்பைக் கழற்றிய பிறகு, யாரடா உனக்கு உப்பு வண்டி விஷயத்தைச் சொன்னது என்று கேட்டேன். "என்ன விஷயம்? பன்றிய ஏன்ப்பா எனக்கு வைக்கவே இல்ல? காலையிலேருந்து காத்திருந்தவனுக்கு வெறும் கஞ்சியா?" என்று என்மேல் பாய்ந்தான். அவன் முகத்தில் பொய் இல்லை. உன் அம்மா விளக்கை அவன் பக்கம் நகர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

வெந்த பன்றியைத் திருப்பித் தர முடியாது, தெருவுக்குப் பங்கிட்டுவிட்டோம். பட்டுத்துணியை நானே சுமந்துபோய் து பானின் வாசலில் வைத்தேன். "உங்க வேலையும் போகும், துறையில உங்க பையன் வேலையும் போகும். யோசிச்சீங்களா?" என்றான். போகும்தான். அவர்மேல் உள்ள மதிப்பால் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. நான் எதையும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் எதிரே யாரோ உட்கார்ந்திருக்கிறார், எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை உனக்கும் இறங்காமல் போய்விடக் கூடாது. ஷுன் குலத்து வண்டி வந்தால் நிறுத்து, ஒவ்வொரு மூட்டையையும் அடிவரை பிரித்துப் பார். நான் கொடுத்த வாக்கு என்னோடு போகட்டும். என் பெயரைச் சொல்லி வேறு ஓலை யார் நீட்டினாலும் நம்பாதே, இதை மறக்காதே. தனியாகப் படகில் ஏறாதே. அம்மா அனுப்பும் சணல் திணித்த அங்கியை உள்ளே போட்டுக்கொள்.

படையல் முடிவில் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்தை இம்முறை தாத்தா சொல்லவில்லை, கஞ்சி குடித்ததும் எழுந்து போய்விட்டார். அவரிடமிருந்து உனக்கு எதையும் வாங்கித்தர என்னால் முடிந்ததில்லை. ஆகவே இது என்னுடையது மட்டும்: பதவி போனாலும் நீ நெடுங்காலம் உயிரோடு இரு.

உன் அப்பா,
ஷுவோ