கம்பு தோற்றால் கரண்டி

இன்று காலை வெந்தயக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கவிட்டவன் நான்தான். முட்டி வலியால் நாற்காலியை விட்டு எழ முடியாத என் மனைவி, "அஞ்சு நிமிசம் அடுப்பாண்ட நில்லுய்யா, கிண்டிகினே இரு" என்று உத்தரவு போட்டிருந்தாள். நின்றேன், கிண்டவும் கிண்டினேன். எங்கே தவறினேன் என்பது எனக்கே தெரியவில்லை. அந்தக் கருகல் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மச்சான். "கொழம்பு தீயுது, உனுக்கு இன்னா சிரிப்பு?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள். காரணம் தெரிந்தவர்களில் கடைசி ஆள் நீ. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும் அப்போது. செங்கல்பட்டு ஏரிக்கரையில் நம் வாத்தியாரின் சிலம்பக் கொட்டகை. பழகியவர்கள் பலர் இருந்தாலும் மூத்த ஆட்டக்காரர்கள் என்று வாத்தியார் ஒப்புக்கொண்டது மூன்று பேரைத்தான். ரயிலடியில் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்த நான், பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த நீ, தபால்காரர் ஏழுமலை. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு முந்தைய ஏழு நாள், நம் மூவரையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் மாமல்லபுரத்துக்குப் போவார். கடற்கரையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பு, வலை போட்டுவைக்கும் ஒரு குடிசை, உப்புக் கரிக்கும் ஒரு கிணறு. மணலில் கால் புதையப் புதைய ஆடினால்தான் தரையில் கால் பறக்கும் என்பது அவர் கட்சி.

பேருந்துக் கூரையில் கம்புக் கட்டைப் பார்த்ததும் கண்டக்டர் ஒவ்வொரு வருஷமும், "இன்னா பெரியவரே, எங்க அடிதடி?" என்று கேட்பார். "அடிதடி இல்லப்பா, சோறு துன்னப் போறோம்" என்பார் வாத்தியார். அவர் தமாஷாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரிப்பேன். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அவருடைய சட்டம் உனக்கு மறந்திருக்காது. ஏழாம் நாள் மூன்று பேரும் ஒருவரோடொருவர் ஆட வேண்டும். கம்பு நுனியில் துணி சுற்றி, குழைத்த காவியில் தோய்த்திருப்போம். எதிராளியின் வெள்ளை பனியனில் காவி பட்டால் ஒரு பொட்டு. பனியனில் அதிகப் பொட்டு வாங்கியவன்தான் அடுத்த வருஷ முகாமுக்குச் சமையல்காரன். ஆறு நாளும் அவனுக்கு அடுப்படி. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கம்பைத் தொடலாம். "கம்பு தோத்தா கரண்டி" என்பார் வாத்தியார். தோற்ற அவமானத்தை விட, வருஷத்தில் கிடைக்கும் ஏழு நாள் பயிற்சி பறிபோவதுதான் பெரிய தண்டனை.

முதல் வருஷம் வாத்தியாரே சமைத்தார். அந்த வருஷம் தோற்றவன் நான். ஆக இரண்டாம் வருஷம் கரண்டி என் கைக்கு வந்தது.

நான் என்ன பாவம் செய்தேன், நல்ல எண்ணத்தோடுதான் சமைத்தேன். பக்கத்திலேயே கடல் இருக்கும்போது உப்பு எதற்கு என்று கடல் தண்ணீரில் உலை வைத்தேன். அந்தச் சோற்றை ஏழுமலை ஒரு வாய் வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே எழுந்து கிணற்றைப் பார்த்து நடந்தான். கிணற்றுத் தண்ணீரும் கரித்ததுதான் அவனுடைய போதாத காலம். மறுநாள் மத்தி மீனைச் செதிள் போகத் தேய்க்காமல் குழம்பு வைத்தேன். மூன்றாம் நாள் நான் கிண்டிய கேழ்வரகுக் களியை வாத்தியார் கம்பு நுனியால் தட்டிப் பார்த்தார். நாலாம் நாளிலிருந்து சாயங்காலப் பயிற்சியில் அவர் நமக்குக் கம்பைச் சுழற்றி வீடு கட்டும் முறையைச் சொல்லித்தருவார், பாதியில் நிறுத்திவிட்டுச் சவுக்குகளுக்குப் பின்னால் ஓடுவார். "அப்டியே நில்லுங்கடா" என்று குரல் மட்டும் வரும். நாமும் கம்பைத் தூக்கியபடி அப்படியே நிற்போம். ஏழாம் நாள் போட்டிக்கு அவர் நடுவராக நிற்கவில்லை, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் போட்டியில் நான் உன்னை வென்றேன். உன் பனியனில் ஐந்து பொட்டு, என் பனியனில் இரண்டு. நீ ஏழுமலையிடமும் தோற்றாய். கரண்டி உன் கைக்குப் போனது.

அதற்கப்புறம் வந்த மூன்று வருஷமும் அதே கதைதான். நான் ஜெயிப்பேன், நீ சமைப்பாய். கல்யாணப் பந்திகளுக்குச் சமைக்கும் பண்டாரியாகப் போகும் உன் மாமுவோடு அண்டா கழுவி வளர்ந்தவன் நீ. விடியலில் தொழுகையை முடித்துவிட்டு அடுப்பு மூட்டுவாய். குப்பத்திலிருந்து வந்த சுறாவைப் புட்டாக உதிர்ப்பாய். நண்டை இஞ்சி தட்டிப் போட்டு ரசமாக்குவாய். சனிக்கிழமை வாத்தியார் மீன் தொட மாட்டார் என்று அவருக்குத் தனிச் சட்டியில் பருப்பில் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு தால்சா வைப்பாய். அதை மற்றவர்கள் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். ஏழு நாளில் அவர் இடுப்பு வேட்டி இரண்டு விரற்கடை இறங்கும்.

நானோ உனக்காகப் பரிதாபப்பட்டேன். சட்டியடியில் ஊதிக்கொண்டிருக்கும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காலை மாத்தி வை மச்சான். எடது தோள் தொறந்து கெடக்குது. அதான் நீ பொட்டு வாங்கற" என்று பாடம் நடத்துவேன். நீ ஒரு வருஷமாவது முகம் சுளித்தாயா? "சரி மச்சான்" என்பாய். உப்புப் பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவாய். ரயிலடியில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் வெற்றிகளைச் சொல்வேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, மாப்பிள்ளைக்குச் சம்பளம் என்ன என்ற கேள்விக்கு முன்பாகவே அதைச் சொல்லிவிட்டேன். என் மனைவி அன்று கதவோரத்தில் நின்று அதைக் கேட்டாள். கல்யாணமான பிறகு அவள் தெருவெல்லாம் சொன்னாள்.

கடைசியாக அந்த ஆறாம் வருஷம். முகாமுக்குக் கிளம்பும் முன் வாத்தியார் ஒரு செய்தி சொன்னார். அவர் காஞ்சிபுரம் பக்கம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். இந்தப் போட்டியில் ஜெயிப்பவனுக்கு அவருடைய சொந்தக் கம்பு, கூடவே கொட்டகை. நான் அப்போதே வாத்தியாராகிவிட்டேன். கம்பு வாங்கும்போது கட்டிக்கொள்ளப் புது வேட்டி எடுத்தேன். வரும்போது பூ வாங்கி வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் உச்சி வெயிலில் தண்ணீர் மொள்ள அடுப்படிப் பக்கம் வந்தேன். அடுப்பெரிக்க ஒடித்த சவுக்கு மிளாறு ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் குரல்.

"நாளைக்கு ஒயுங்கா ஆடு. கம்ப உனுக்குக் குடுக்கத்தான் இத்தினி வருசமா வெச்சிகினு கீறேன்."

"வாணாம் வாத்தியாரே" என்றாய் நீ. "அவன் பொண்டாட்டியாண்ட சொல்லிட்டு வந்து கீறான். புது வேட்டி வேற எடுத்தாந்து கீறான்."

"அவன்கிட்ட தோத்துடுன்னு ஒன்ன கேட்டுகினது நான்தான்டா. அன்னிக்கு எனுக்கு உசுரு பயம். இன்னொரு வருசம் அவன் கையால துன்னா வூடு போய்ச் சேர மாட்டேன்னு சொன்னேன். அதுக்குன்னு கொட்டாயத் தூக்கி அவன்கிட்ட குடுக்க முடியுமா?"

"அவனும் நல்லாத்தான் ஆடறான்."

"ஆடறான். நீ தொறந்து வெச்ச தோள்ல பொட்டு வெக்கறான்."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏழுமலையிடம் போய், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எனுக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், குப்பத்துல மீன் விக்கற ஆயாவுக்கும் தெரியும்" என்றான். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுப்பவன், எனக்கு வரவேண்டிய ஒரே செய்தியை நாலு வருஷம் பையிலேயே வைத்திருந்திருக்கிறான்.

உடம்பெல்லாம் எரிந்தது மச்சான். உன் மேல் கோபம், அதைவிட என்னை நினைத்து அவமானம். இனி உன் கையால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை என்று அலையோரம் போய் உட்கார்ந்தேன். அன்று பார்த்து நீ கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாய். காற்று தோப்பிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. ரோஷம் அரை மணி நேரம் தாங்கியது. வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டேன், ஆனால் உன்னோடு பேசாமல் சாப்பிட்டேன்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று முடிவாயிற்று. நாளைக்கு நீ எனக்காகத் தோற்கப் போகிறாய். அதற்கு முன்னால் நான் உன்னிடம் தோற்றுவிட வேண்டும்.

மறுநாள் மகத்துக்கு வந்திருந்த இருளர் குடும்பங்கள் மணலில் சேலையைக் கட்டிக் குடில் போட்டிருந்தார்கள். அவர்களும் குப்பத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஏழுமலை நம் இருவரிடமும் இரண்டிரண்டு பொட்டு வாங்கி முன்பே ஒதுங்கிவிட்டான். மிச்சம் நீயும் நானும். சலாம் வரிசை போட்டோம். நீ வழக்கம்போல் இடது தோளைத் திறந்து வைத்தாய். நான் என் தோள்கள் இரண்டையும் திறந்து வைத்தேன். நீ பின்வாங்கினாய், நானும் பின்வாங்கினேன். நான் நெஞ்சைக் காட்டினேன், நீ கம்பைத் தாழ்த்தினாய். இரண்டு பேர் கம்பும் ஒன்றையொன்று தொடவே இல்லை. கூட்டத்திலிருந்த ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள், "இவுங்க சண்ட போடறாங்களா, ஒருத்தருக்கொருத்தர் வழி வுட்டுகினு கீறாங்களா?"

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று வாத்தியார் உறுமினார்.

நான் சுற்றி வரும் சாக்கில் உன் பக்கமாக வந்து, "எனுக்குத் தெரியும் மச்சான். மெளாறு பின்னாடிதான் இருந்தேன். ஆடு" என்றேன்.

நீ தாழ்த்திய கம்பைத் தூக்கிப் பிடித்தாய். அப்புறம், சிரிக்காமல், "அப்ப காலை மாத்தி வை மச்சான். தோள் தொறந்து கெடக்குது" என்றாய்.

அவ்வளவுதான் எனக்கு நினைவு. கம்பு எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. நானும் சும்மா நிற்கவில்லை, உயிரைக் கொடுத்துத் தடுத்தேன். ஒன்றையும் தடுக்க முடியவில்லை. நீ நிறுத்தியபோது என் பனியனில் பதினொரு பொட்டு, ஒன்றுகூட வலிக்கவில்லை. இப்படி ஆடத் தெரிந்தவன் நாலு வருஷம் என் முன்னால் பொம்மையாக நின்றிருக்கிறான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

வாத்தியார் கம்பை உன் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது. தோற்றவன் நான். அடுத்த வருஷம் கரண்டி எனக்கு. முகாமுக்கு மட்டும் தவறாமல் வருவேன் என்று வேறு காலையில் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நீ கம்பைத் தரையில் ஊன்றி, கொட்டகையின் புது வாத்தியாராக முதல் உத்தரவைப் போட்டாய்.

"இனிமேட்டு சட்டம் வேற. ஜெயிச்சவன் கையிலதான் கரண்டி."

"நாயமான சட்டம்" என்றார் வாத்தியார், நீ முடிப்பதற்குள்.

திரும்பும்போது ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாய். திருக்கழுக்குன்றம் வரைக்கும் உன்னோடு பேசவில்லை. அங்கே பேருந்து நின்றதும் நீ இறங்கிப் போய், ஒரு முழம் பூ வாங்கி வந்து என் மடியில் வைத்தாய். "வூட்ல சொல்லிட்டு வந்தியே" என்றாய். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் பூவை வைத்துக்கொண்டே, "தோத்துட்டியா? சரி, சாப்ட்டியா?" என்றாள். அந்தப் பனியனை அப்படியே எடுத்து வைக்க நினைத்தேன், மறுநாளே வெளுத்துப் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ மாசி. உன்னை நான் ஒரு தடவைகூட வெல்லவில்லை. என் வெற்றிகள் எல்லாம் போலி, தோல்விகள் மட்டும் அசல். யோசித்தால் அதிலும் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது.

இந்தத் தையில் நீ படுத்த படுக்கையாகி, யார் கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை என்று உன் மகன் சொன்னான். நான் நொய்க்கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்தேன். அதுவும் அடிப்பிடித்திருந்தது. நீ ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். "இத துன்னுட்டு வாத்தியாரு எழுந்து நடந்தாரு பாரு, அவுருதான் வீரரு" என்றாய். சொல்லிவிட்டுப் பாதித் தூக்கைக் காலி செய்தாய். பசித்துத்தான் குடித்தாயா, அதுவும் நீ எனக்குத் தோற்றுக் கொடுத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

உன்னிடமிருந்து கம்பு வரிசை எதுவும் என்னிடம் மிஞ்சவில்லை. ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். முட்டி விழுந்ததிலிருந்து என் மனைவி வாசற்படி தாண்டுவதில்லை. சாயங்காலம் தரையில் கட்டம் போட முடியாதென்று ஒரு பலகையில் வரைந்து இருவரும் ஆடுபுலி ஆடுகிறோம். அவள்தான் புலி. தினமும் என் ஆடுகளை வெட்டித் தீர்க்கிறாள். விடிந்ததும் பால்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறாள், ஜன்னல் வழியாகப் போகிற வருகிறவர்களிடமும் சொல்கிறாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆட்ட ஓரமா தள்ளி வெச்சி ஆடுய்யா, நடுவுல தொறந்து வுட்டுட்டு நிக்கறியே" என்று பாடம் நடத்துகிறாள்.

நான் முகத்தில் எதுவும் காட்டாமல் "சரி" என்கிறேன்.