கயலுக்குப் பூக் கேட்கப் போனது

19 ஜனவரி 2025, ஞாயிறு. கூடலூர்

காலையில் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து, பேப்பரில் பெரியாறு அணை மட்டம் பார்த்தார் வீட்டுக்காரர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முடிவைச் சொன்னார்.

"சரி. ஆத்தாளும் மகளும் அந்தமானைப் போயிப் பாத்துட்டு வாங்க. திரும்பக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அங்கன இருக்க முருகன்கிட்டப் பூக் கேளு. வெள்ளை வந்தா அவ இருந்துக்கிரட்டும். சிவப்பு வந்தா கையோட கூட்டிட்டு வந்துரணும். அப்புறம் பேச்சே கிடையாது."

கயல் அங்கேயே ஒத்துக்கொண்டாள். கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தமானில் ஹேவ்லாக் என்ற தீவில் கடலுக்குள் முங்கச் சொல்லித்தரும் பள்ளியில் ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். முடித்தால் அங்கேயே வேலையாம். கடலுக்கு அடியில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேலை?

எனக்குச் சிவப்புதான் வரவேண்டும். முருகா, உனக்குத் தெரியாதது இல்லை. எழுதியும் வைக்கிறேன்.

22 ஜனவரி. கப்பலில்

சென்னையில் ஏறிவிட்டோம். கீழ்த்தட்டில் அடுக்குக் கட்டில், இருப்பதிலேயே மலிவு. கைச்செலவு குறைய வேண்டுமென்று இட்லிப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சின்னக் குக்கர் எல்லாம் எடுத்துக்கொண்டேன். சாமிக்கு உடைக்க எங்கள் தோப்புத் தேங்காய் மூன்று. முதுகுப்பையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டுக் கயல் சொன்னாள், "உர மூட்டை தூக்குறாப்புல குனியாதம்மா. நிமிந்து நில்லு."

24 ஜனவரி

சுற்றிலும் தண்ணீர். நேற்றும் இதேதான். ஊருக்குப் பக்கத்து லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கி வருகிற பெரியாற்றுத் தண்ணீரைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான். இதற்கு எந்தப் பக்கம் நின்று கும்பிடுவது?

26 ஜனவரி. போர்ட் பிளேர்

நேற்று இறங்கியதும் பார்த்தால் எங்கு திரும்பினாலும் தென்னை. கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தென்னந்தீவுக்குத் தேங்கா கொண்டாந்த ஒரே ஆளு நீதாம்மா." சிரிக்கட்டும். சாமிக்கு நம் வீட்டுத் தேங்காய்தான்.

தங்கியது ஒரு பொது விடுதி. அறைக்கு வாடகை இல்லை, படுக்கைக்குத்தான். எனக்கு மேல் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. காலையில் நான் திருநீறு பூசுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அதுவும் நெற்றியைக் காட்டியது. பூசிவிட்டேன். என்ன வேண்டிக்கொண்டதோ.

28 ஜனவரி. ஹேவ்லாக்

சர்க்கார் படகில் வந்தோம். தனியார் படகுக்கு மூன்று மடங்கு கேட்கிறார்கள். மூங்கில் குடிசையில் தங்கல். சோறு நானே பொங்கினேன்.

பள்ளியில் செல்வின் என்று ஒரு வாத்தியார். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. "ஒங்க மக தண்ணியில பயமே இல்லாம கெடக்கா. எங்கன பழகுனா?" என்று கேட்டார்.

"தோட்டத்துக் கெணத்துலதான். ஆறு வயசுல அவுக அப்பா இடுப்புல சுரைக்குடுக்கை கட்டி எறக்கிவிட்டாக."

"அப்பம் எங்க மேல கோவப்படாதீங்கம்மா. ஆரம்பிச்சு வச்சது அவருதான்."



30 ஜனவரி

எப்படி எழுதுவது.

கயலின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தாலிக்கொடியை உள்ளே ஊக்கு குத்திக்கொண்டு இறங்கினேன். முங்குகிற கண்ணாடியை மாட்டிவிட்டு, மூச்சுக் குழாயைக் கடிக்கக் கொடுத்தாள் கயல். மார்பளவு தண்ணீரிலேயே கரையைத் திரும்பிப் பார்த்தேன். "என்னால ஆகாதுடி, விட்டுரு."

"என் கையை மட்டும் பிடி. வாயால மூச்சு விடு. குனிஞ்சு பாரும்மா, போதும்."

குனிந்தேன்.

கல் பூத்திருந்தது. மஞ்சள், ஊதா, குங்குமம், எங்கள் ஊர் நாற்றங்கால் பச்சை. சின்ன நீல மீன்கள், நடவு வயலில் கொக்குக் கூட்டம் திரும்புவது போல எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. ஒரு மீன் என் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. சாமிக்கு ஒரு நாள் அலங்காரம் செய்ய நாம் எவ்வளவு பாடுபடுகிறோம். இங்கே யாரும் கேட்காமல், யாரும் பார்க்காத இடத்தில், தினம் தினம் அலங்காரம். யாருக்காக? குழாயைக் கடித்துக்கொண்டே அழுதேன். கண்ணாடிக்குள் கண்ணீர் நின்றுவிட்டது.

கயல் ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால் பாதியைச் சிந்திக்கொண்டு வருகிற பிள்ளை. அங்கே அவள் கை அசையவே இல்லை.

இன்று செலவுக் கணக்கு எழுத மறந்துவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து மறந்ததில்லை.

1 பிப்ரவரி

சிவப்பு வரட்டும் என்று இன்று வேண்ட முடியவில்லை. வெள்ளை வரட்டும் என்றும் முடியவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய். போர்ட் பிளேர்

முருகன் கோயிலுக்குப் போனோம். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலைக் கிழிசலில் ஒரே மாதிரி கட்டினேன். வீட்டுத் தேங்காயை உடைத்தேன். குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் வைத்து, சூடம் காட்டி, ஒன்றை எடுத்து என் முந்தானையில் போட்டார்.

"பிரிம்மா," என்றாள் கயல். குரல் சின்னதாக இருந்தது.

"இருடி."

சிவப்பாக இருந்தால் மறுபேச்சுப் பேசாமல் என்னோடு கப்பல் ஏறிவிடுவாள். சொன்ன சொல் மாறாத பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தெரியாதவர்கள்தானே பூக் கேட்க வேண்டும்? எனக்குத்தான் தெரிந்துபோயிற்றே. அந்தக் கல் பூத்த இடத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் கேட்டால் அது சாமியைச் சோதிப்பது இல்லையா?

கடற்கரை வரைக்கும் நடந்து போய், பிரிக்காமலே தண்ணீரில் விட்டேன். கொஞ்ச தூரம் மிதந்துவிட்டு அலைக்குள் போனது.

"அப்பாகிட்ட என்னம்மா சொல்லுவ?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

5 பிப்ரவரி. கப்பலில்

முதுகுப்பையை இப்போது நானே மாட்டிக்கொள்கிறேன். தன்னுடைய முங்குகிற கண்ணாடியைக் கயல் எனக்குக் கொடுத்துவிட்டாள். நிமிர்ந்துதான் நின்றேன், அவள் கண்ணுக்கு மறையும் வரைக்கும்.

9 பிப்ரவரி. கூடலூர்

பஸ்ஸை விட்டு நான் இறங்கியதும் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

"என்ன பூ வந்துச்சு?"

"பிரிக்கலைங்க. கடல்ல விட்டுட்டேன்."

"பிரிக்காமயா?"

"நீங்க கெணத்துல எறக்கிவிட்ட பிள்ளை. அங்கன அவளைத் தண்ணிக்குள்ள பாத்தேன். அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தோணலை."

பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

12 பிப்ரவரி

இன்னும் பேச்சில்லை. சாப்பிடுகிறார். கண்ணாடியைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

14 ஜூன், சனி

பேப்பரை மடித்துவிட்டு, "அணையில தண்ணி ஏறுது," என்றார். ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அங்கன கடல் எப்படி இருக்காம்?"

கயலுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மழையும் காற்றுமாக இருக்கிறதாம், இரண்டு நாளாக உள்ளே இறங்கவில்லையாம். "அவசரப்படாத ஆத்தா. தண்ணி தெளியட்டும்," என்றார் அவளிடம்.

தோட்டத்துக்குப் போனவருக்குக் கஞ்சி கொண்டுபோகலாம் என்று செம்பை எடுத்தபோதுதான் பார்த்தேன், ஆணியில் கண்ணாடி இல்லை. தோட்டத்துக்குள் நுழையும்போதே கிணற்றில் யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது. கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டு நின்றேன். கண்ணாடியோடு அவர் மேலே வர நேரமாயிற்று.