ஹீட்டர் போடாமல் ஏறிய மலை

அண்ணனுக்கு,

இத்தனை வருடம் பேசாமலிருந்துவிட்டு ரேடியேட்டரைப் பற்றி எழுதுகிறேன். அப்பா உனக்கு வீட்டைக் கொடுத்தார். எனக்கு அறுபத்தொன்பதாம் வருட மசில் காரை, பெரிய எஞ்சின் வைத்த அந்தப் பழைய அமெரிக்க வண்டியை, கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை.

கிங்மன் மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்காமலிருக்க, ஜூலை வெயிலிலும் ஹீட்டரை முழுதாகத் திருகி, எஞ்சின் சூட்டை நம் காலில் வாங்கிக்கொண்டு ஏறுவோம். "இது காரா, ரொட்டி அடுப்பா? பித்தளை ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு அலுமினியம் மாட்டுடா!" என்பாய். பழமை கெட்டால் பழைய கார் கண்காட்சியில் மதிப்பெண் போய்விடும் என்று மறுத்தேன். கோப்பைகளும் வாங்கினேன்.

போன வாரம் அண்ணி அழைத்தாள். நீ சிகிச்சைக்கு மலை தாண்டிப் போக மறுக்கிறாயாம். "என் தம்பி அப்பா காரைக் கொதிக்காம மலையேத்தட்டும், அன்னிக்கு வர்றேன் ஆஸ்பத்திரிக்கு" என்று சிரித்தாயாம்.

அகலமான அலுமினிய ரேடியேட்டர் மாட்டிவிட்டேன். பின்னால் இரண்டு மின்விசிறிகள், காற்று சிதறாமலிருக்க அவற்றைச் சுற்றி ஒரு கூடு. ஆர்வில் என்ற என் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். "கோப்பை போச்சேய்யா! யாருக்காக இந்தக் கூத்து?"

"ஒரு பிடிவாதக்காரனுக்காக" என்றேன்.

நேற்று உச்சி வெயிலில், ஹீட்டர் போடாமல், அதே ஏற்றத்தில் ஏறிப் பார்த்தேன். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை.

செவ்வாய் காலை உன் வாசலில் ஹார்ன் அடிப்பேன். சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நில். வீட்டு விஷயத்தில் என் கோபம் தீரவில்லை; அதைத் திரும்பி வரும் வழியில் பேசிக்கொள்வோம்.

உன் தம்பி