ராதாபுரத்தில் பனை இல்லை

ஜூலை 1, செவ்வாய்

மேகம். மேல்காற்று. மாடியில் காய்ந்த துணி எல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபோக ஆயத்தம்.

இன்றைய வேலை: மின்கட்டணம் (மறந்தாயிற்று). கல்லூரி நூலகத்தில் கரையான் மருந்து. காதரின் ராதாபுரத்தைப் பரிசோதிப்பது.

காதர் காயல்பட்டினத்துக்காரர். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் நெடுங்காலம் பெட்டி ஏற்றி இறக்கியவர். விமானத்தைக் கீழிருந்தே பார்த்த குறை தீர, இப்போது கைப்பேசிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, சிமுலேட்டர் என்னும் விமான விளையாட்டில் பறப்பவர்களுக்காகத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைத் தெருத் தெருவாகக் கணினியில் கட்டுகிறார். நான் பறந்து பார்த்துக் குறை சொல்பவன். சம்பளமில்லை. அதனால் முழுமனதுடன் செய்கிறேன்.

சிமுலேட்டரைச் செய்த வெளிநாட்டாருக்கு நம் பக்கம் தெரியாது. ஆனால் தெரியாத இடத்தை வெறுமையாக விடும் நாணயமும் கிடையாது. கைவசம் இருக்கும் மரத்தையும் வீட்டையும் தூவி நிரப்பிவிடுகிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ஊசியிலைக் காடு. சேரன்மாதேவியில் பனி வழுக்கி விழுவதற்கென்று செங்குத்தான கூரைகள். பார்வைத் தூரம் தீர்கிற இடத்தில் மூடுபனி. வரைய முடியாததை மறைக்கத்தான் அந்தப் பனி. எங்கள் கல்லூரி ஆண்டறிக்கையிலும் இதே உத்தி.

மாலை. வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறித் தெற்கே பறந்தேன். ராதாபுரம்: செம்மண், காற்றாலை, கோபுரம் எல்லாம் சரி. பனை இல்லை. ஒன்றுகூட இல்லை. இதற்கு ஊசியிலைக் காடே தேவலை. குறிப்பு எழுதி அனுப்பினேன். கூடவே இன்னொன்று: எங்கள் தெருமுக்கு வேம்பும் விட்டுப்போயிருக்கிறது. தினமும் வாசலில் இறங்கியதும் இடப்பக்கம் தலையாட்டும் மரம்.

ஜூலை 3, வியாழன்

புழுதி. மார்க்கெட் முக்கில் ஸ்கூட்டர் ஒரு தள்ளுவண்டியில் உரசிவிட்டது. தெருவெல்லாம் வெண்டைக்காய்.

வண்டிக்காரர்: "இம்புட்டுப் பெரிய வண்டி நிக்குது, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

இடப்பக்கம் ஒன்றுமே இருக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். பாளையங்கோட்டையில் தள்ளுவண்டிகளின் ஒழுக்கம் குறைந்துவருகிறது.

பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி எஸ்தர் இறங்கி வெண்டைக்காய் பொறுக்கிக் கொடுத்தாள். வீடு வந்ததும்: "போன வாரம் நாயி. அதுக்கு முன்ன பாஸ்டரய்யா. ஒருக்க போயிக் கண்ணக் காட்டிட்டு வாங்களேன்."

"கண்ணாடி போன வருசந்தான மாத்துனேன்."

"கண்ணாடியக் காட்டச் சொல்லல. கண்ண."

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக்கூடத் தடங்கலின்றி வாசிக்கிறேன். வாசித்தும் காட்டினேன். மனைவிமார் ஆதாரங்களால் அசைவதில்லை.

சாயங்காலம் காதர் ஒரு படம் அனுப்பினார். கைப்பேசியில் பார்த்தேன். ராதாபுரம் முழுக்கப் பனை. நல்ல பனைகள். உடனே பெரிய திரையில் அதே இடத்தில் பறந்தேன். இல்லை.

ஜூலை 5, சனி

தூறல் போல ஒன்று. வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

காதரைப் போனில் கூப்பிட்டு நேராகவே கேட்டேன்: படத்தில் பனையை ஒட்டவைத்தீரா?

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்குதிய? நோன்பு மாசம் பூரா ஒவ்வொண்ணா நட்டது."

"எனக்குத் தெரியலையேவே."

"பார்வைத் தூரத்த ஏத்திப் பாருங்க."

"முழுசும் ஏத்தியாச்சு. திரையும் புதுசு, பெருசு. ரெண்டடி தூரத்துலதான் உக்காருதேன். நெசமான விமானத்துல இருக்க மாதிரியே இருக்கு. பனைதான் இல்ல."

"அப்ப ஒங்களக் கண்டா மட்டும் பனை ஒளிஞ்சுக்கிடுதாக்கும்."

கோபம் வந்தது. சிமுலேட்டர் நண்பர்களின் குழுவில் எழுதினேன்: ‘படம் ஜோடிக்கப்பட்டது. பறந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பனை இல்லை.’ நடை நன்றாக அமைந்துவிட்டது. எனக்கு எப்போதும் கெடுதல் செய்வது அதுதான். பலர் சிரிப்புப் பொம்மைப் படம் போட்டார்கள்.

காதர் குழுவிலிருந்து வெளியேறினார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆலயம். நீளப் பிரசங்கம்.

மதியம் ராதாபுரத்துக்கு மேல் விமானத்தைத் தானாகப் பறக்கவிட்டு, காப்பி எடுக்க எழுந்துபோனேன். அடுக்களை வாசலில் நின்று திரும்பினால், திரையில் பனை. வரிசை வரிசையாக.

ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இல்லை. அடுக்களை வாசல். இருக்கிறது. நாற்காலி. இல்லை.

எஸ்தர்: "காப்பியக் கையில வச்சிக்கிட்டு என்ன பரேடு?"

"இங்கன நின்னா பனை தெரியுது. அங்கன போனா காணல."

வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு ஓரமும், கீழயும் பனையாத்தான கெடக்கு," என்றாள். பிறகு எழுந்துபோய் ஆணியிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

கண் மருத்துவமனை. காற்று. பெஞ்சில் கூட்டம்.

பரிசோதனை ஒரு விளையாட்டு மாதிரிதான். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம். எங்காவது புள்ளி மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். பழகிய விரல். நல்ல மதிப்பெண் எதிர்பார்த்தேன். வெகுநேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் பழுது போலிருக்கிறது என்றேன்.

மெஷினை இயக்கிய பெண்: "வந்துக்கிட்டேதான் இருக்கு சார். நேராப் பாருங்க."

முடிவு ஒரு தாளில். நடுவில் கொஞ்சம் வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. இடது கண் அதிக மோசம். குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. போனது வராது. இருப்பதைக் காக்கச் சொட்டுமருந்து, ஆயுள் முழுக்க. ஸ்கூட்டர் கூடாது.

தள்ளி நின்றால் திரை சின்னதாகி, மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்குள் அடங்கிவிடுகிறதாம். கிட்டே போனால் ஓரமெல்லாம் கறுப்புக்குள். கைப்பேசியில் பனை தெரிந்ததும் அதனால்தான்.

"ஆனா எனக்குக் கறுப்பா ஒண்ணுமே தெரியலையே டாக்டர்?"

"தெரியாது. காணாமப்போன இடத்த மூளை சும்மா விடாது. பக்கத்துல இருக்கறதையும் பழகுனதையும் வச்சு நிரப்பிரும். அதான் நிறையப் பேரு லேட்டா வாறாங்க."

ஸ்ரீவைகுண்டத்து ஊசியிலைக் காடு நினைவுக்கு வந்தது.

எஸ்தர் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருக்கிறாள் என்பதைத் தலையைத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

சொட்டுமருந்து: கண்ணில் எரிச்சல், தொண்டையில் கசப்பு. கண்ணில் விட்டது தொண்டைக்கு வருவானேன்.

நூலகத்துக்கு டவுன் பஸ். படியில் கால் தடுமாறல். கல்லூரி மாணவன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். நேற்றுவரை யாரும் கொடுத்ததில்லை.

குழுவில் எழுதினேன்: ‘ராதாபுரத்தில் பனைகள் உள்ளன. குறை என் கண்ணில். காதர் மன்னிக்க வேண்டும்.’ இந்த முறை நடை வரவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை.

யாரோ அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் காதரே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பனை கெடக்கட்டும். வண்டி ஓட்டுதத விட்டியளா?"

"சாவி எஸ்தர்ட்ட."

"அல்ஹம்துலில்லாஹ். விமானத்துச் சாவியையும் குடுத்துராதிய. நாற்காலியப் பின்னால தள்ளிப் போட்டு, பையப் பறங்க. நான் நட்டத எல்லாம் ஒங்களத் தவிர எவன் எண்ணிப் பாக்கான்?"

போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"ஒங்க தெரு வேம்பையும் வச்சு அனுப்புதேன்," என்றார். "மேலருந்து எடுத்த படத்துல அத நான் பாக்கல. ஆனா குடியிருக்கவிய நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஜூலை 13, ஞாயிறு

வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. ஆலயத்துக்கு ஆட்டோ.

மதியம், காதர் அனுப்பியதை ஏற்றினேன். நாற்காலி சுவரோடு ஒட்டி. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கோவில் யானை மாதிரி, தாழப் பறந்தேன். ராதாபுரம்: பனை, பனை, பனை. மனதாரப் பாராட்டிச் செய்தி அனுப்பினேன். திரும்பி வடக்கே, பாளை. எங்கள் தெரு. மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீலம்கூடத் தப்பவில்லை. முக்கில் வேம்பு, செழிப்பாக.

எஸ்தரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தாள். இந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"நம்ம வீடு அச்சு அசலா இருக்கே. அந்த வேம்ப மட்டும் ஏன் வச்சிருக்காரு?"

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அத வெட்டித்தான் ஒரு வருசம் ஆகப்போகுதே. கரண்டுக் கம்பியில உரசுதுன்னு தூரோட எடுத்துட்டாவளே."

காலையில் ஆட்டோவுக்காக அதன் அடியில்தான் நின்றேன்.