மேரி ஓட்டும் கேஸ் ஆட்டோ

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. என் மனைவி மேரியைப் பற்றி எழுதிவிட்டால் வரும்.

என் பெட்ரோல் ஆட்டோ மெக்கானிக்கிடம் கிடக்கிறது. அவன் நாளைக் காலை என்றால் எந்த மாதத்துக் காலை என்று கேட்க வேண்டும். அது கிடக்கட்டும். வாசலில் நிற்பது மேரியின் கேஸ் ஆட்டோ. பெண்களுக்கென்று சர்க்கார் மானியத்தில் கொடுத்த பிங்க் வண்டி. ஆண் ஓட்டினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாமே கேஸ் நிரப்பி வருவோமென்று வண்டியில் ஏறிச் சாவி போட்டேன். சோப்புக் கையோடு ஓடி வந்தாள்.

"யோவ் மாமா, எறங்கு!"

"கேஸ் போடத்தானே போறேன்? சவாரியா ஏத்தறேன்?"

"இத போலீஸ்கிட்ட சொல்லிக்கினு இருப்பியா? வண்டி போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது? பின்னாடி குந்து."

இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியவன் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவள் சந்துகளில் வளைத்த அழகுக்குக் கை தட்டலாம். ஆனாலும் என் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

சாந்தோமில் போலீஸ்காரர் நிறுத்தினார். குனிந்து முதலில் முன்சீட்டைத்தான் பார்த்தார்.

"ஓட்டறது நீதானேம்மா? பின்னாடி யாரு?"

"வூட்டுக்காரரு சார். சும்மா குந்திக்கினு வர்றாரு."

அவர் சிரித்தபடி போகச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் மேரி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"இன்னா மாமா, இப்டி வேர்க்குது?"

"காத்தே இல்ல" என்றேன். கடற்காற்றில் என் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.