ராசி ஸ்டூல்

டிசம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழையும் அல்லாத பனியும் அல்லாத ஒன்று கொட்டுகிறது. பார்க்கிங் முழுக்கச் சேறு. வெங்காயம் நறுக்கியாகிவிட்டது. பஜ்ஜி, சிக்கன், டீ. மேட்ச் ஒரு மணிக்கு.

வழக்கம்போல் மூவர். இவர், ஹமீது, மாடி வீட்டு சேகர். ஹமீது எங்கள் ஊர்ப் பையன், என்னை லாத்தா என்பான், இவரைக் காக்கா; எங்கள் பக்கத்தில் அக்கா, அண்ணன். சேகர் சென்னை, நான் அண்ணி. மூவருக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலில் நியூயார்க் அணிதான் உயிர். நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் பாதிப் பேர் பிலடெல்பியா பக்கம் என்பதால் இவர்கள் சத்தம் இன்னும் கூடுதல்.

என் இடம் ஃப்ரிட்ஜை ஒட்டிய ஸ்டூல். போன மாதம் ஒரு மேட்சில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஜெயித்துவிட்டார்கள். "அண்ணி, அசையாதீங்க! உங்க ராசிதான்!" என்று சேகர் கத்தினார். ஹாஸ்டலில் கிரிக்கெட் பார்த்த காலத்துப் பழக்கம். ஜோடி நின்று ஆடும்போது எவனும் இடம் மாறக் கூடாது, பாத்ரூம்கூடப் போகக் கூடாது. கிரிக்கெட் போய் ஃபுட்பால் வந்தும் விதி மாறவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நான் அந்த ஸ்டூலில். பரிமாற மட்டும் விளம்பர நேரத்தில் எழுந்திருக்கலாம். அங்கிருந்து டிவி பாதிதான் தெரியும்.

இன்று ஜெயித்தார்கள். மயிரிழையில்.

இடைவேளையில் பேஸ்பால். சீசன் எப்போதோ முடிந்தது, பேச்சு முடியவில்லை. அடுத்த வருட அணியில் யாரை வைப்பது, யாரைக் கழற்றிவிடுவது.

"அந்தப் பழைய பிட்சர எதுக்கு இன்னும் ரோஸ்டர்ல வெச்சிருக்கானுங்க? ஒரு எடம் வேஸ்ட்டு." இது சேகர்.

"அனுபவம் வேணும்ல? ப்ளேஆஃப்ல சின்னப் பயலுவளுக்குக் கை நடுங்கும்," என்றான் ஹமீது.

"அனுபவமா? நாப்பத்து மூணு வயசுடா அவனுக்கு. பெஞ்சுல உக்காந்து உக்காந்தே துரு பிடிச்சிருக்கும்."

இவர் தீர்ப்பு சொன்னார்: "மரியாதைக்கு ஒரு பூங்கொத்து குடுத்து அனுப்பிடலாம்."

எனக்கும் நாற்பத்து மூன்று. சட்னி போதுமா என்று கேட்டேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

வெயில், ஆனால் கடித்துக் குதறும் குளிர். துவைக்கப் போட்டுவிட்டு வந்தால் போன்.

வெஸ்ட் வின்ட்சர் டியூஷன் சென்டர். நான் எழுதிப் போட்டதையே மறந்திருந்தேன். கணக்கு வாத்தியார் ஒருவர் ஜனவரியில் போகிறாராம். ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட முடியுமா? 23ஆம் தேதி, ஞாயிறு, மதியம் இரண்டு மணி.

முடியும் என்று சொன்னது என் குரல்தானா தெரியவில்லை.

ஊரில் பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தவள். இங்கே வந்து, விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லாமல், கிட்டத்தட்டப் பத்து வருடம். க்ரீன் கார்டுக்கு எழுதிப் போட்ட பிறகு எனக்கும் அனுமதி அட்டை வந்தது. வந்த அட்டை பாஸ்போர்ட்களோடு அலமாரியில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஃபோட்டோவில் யாரோ.

இவரிடம் சாயங்காலம் சொன்னேன். "சூப்பர்! போயிட்டு வா, கார எடுத்துக்க," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கை கழுவும்போது திரும்பினார். "ஞாயித்துக்கெழமையா?"

டிசம்பர் 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்கு இவர் போயிருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் மார்க்கரால் எழுதிப் பழகினேன். சதவீதம். எட்டாம் வகுப்புக்கு.

மகள் ரிஸ்வானா பள்ளியிலிருந்து வந்து பார்த்தாள். பதினைந்து வயது, தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில். "நாட் பேட், உம்மா. பட் யூ டாக் டு த ஃப்ரிட்ஜ்."

உண்மைதான். திரும்பி நின்று எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

வாங்க: கடலை மாவு, எண்ணெய், பால், மார்க்கர் (கறுப்பு).

டிசம்பர் 16, ஞாயிறு

காற்று. ஜன்னல் கதவுகள் நடுங்கின.

தோற்றுவிட்டார்கள்.

அஸர் தொழுகைக்கு எழுந்தேன். திரும்பி வரும்போது கூடத்தில் சத்தமே இல்லை. நியூயார்க் ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் கைநழுவ விட்டுவிட்டானாம்.

"லாத்தா தொழப் போனாங்க. அத ஒண்ணும் சொல்ல முடியாது," என்றான் ஹமீது.

"நான் சொன்னேனா? நான் எதாவது சொன்னேனா?" என்றார் சேகர்.

இவர் டிவியை அணைத்தார். இவருடைய ப்ராஜெக்ட் பிப்ரவரியோடு முடிகிறது, அடுத்தது எங்கே என்று தெரியவில்லை. வாரம் முழுக்க அந்த யோசனையில் முகம் கறுத்துக் கிடப்பவர், ஞாயிறு மூன்று மணி நேரம் மட்டும் கல்லூரிப் பையன். அந்த மூன்று மணி நேரத்தை நான் கெடுத்துவிட்டது போல.

இதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தேன். நான் கெடுத்தது போல! நிகழ்தகவு பாடம் எடுத்தவள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆனால் தொழுகையில் கடைசி ரக்அத்தை வேகமாக முடித்தேன். அது எனக்குத் தெரியும், படைத்தவனுக்கும் தெரியும்.

டிசம்பர் 18, செவ்வாய்

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடி:

"வேற நாள் மாத்தித் தர முடியுமான்னு கேட்டுப் பாரேன்."

"மேட்ச மாத்தித் தர முடியுமான்னு நீங்க கேட்டுப் பாருங்களேன்."

சிரித்துவிட்டார். நானும். "சும்மா சொன்னேன், மெஹர். நீ போ," என்றார். விஷயம் அங்கேயே முடிந்தது.

முடியவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு நானே சென்டருக்கு போன் பண்ணினேன். சனிக்கிழமை வரலாமா என்று கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. சென்டர் நடத்தும் அம்மா மரியாதையாகவே சொன்னார்: வேறு இருவரும் வருகிறார்கள், ஞாயிறு மட்டும்தான்.

வைத்த பிறகும் கை போன்மேலேயே இருந்தது. எதற்காகக் கேட்டேன்?

டிசம்பர் 20, வியாழன்

ஹஜ் பெருநாள். கூட்டம் தாங்காமல் பள்ளிவாசலில் இரண்டு ஜமாஅத் தொழுகை. நெய்ச்சோறு வேண்டாம், பிரியாணிதான் என்று இவர் உத்தரவு. மதியம் எல்லாரும் வந்தார்கள், லீவு போட்டுவிட்டு சேகரும்.

சாப்பிட்டபடியே சேகரின் ப்ளேஆஃப் கணக்கு, நாக்அவுட் சுற்றுக்குள் போவது எப்படி என்று. "ஞாயித்துக்கெழம ஜெயிச்சா உள்ள. தோத்தா, கடைசி மேட்ச் யாரோட தெரியுமா? இந்த வருஷம் ஒண்ணுகூடத் தோக்காதவனோட. அப்புறம் எனக்கு எல்லாரும் சேந்து திதி குடுத்துருங்க."

"திதிக்கும் பிரியாணிதானே?" என்றான் ஹமீது.

"வெறும் தண்ணிதான் உனக்கு. அண்ணி, ஞாயித்துக்கெழம மட்டும் லீவு போட்றாதீங்க."

இவர் இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னார். ஹமீதும் சேகரும் ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ரைத்தா கேட்கக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 23, ஞாயிறு

சாயங்காலம். தலைவலி. ஒழுங்காக எழுத வேண்டும்.

மஞ்சள் சுடிதார், கறுப்புக் கோட். கூடத்துக்கு வந்தால் மூவரும் எழுந்து நிற்கிறார்கள். இவரே சாவியைக் கொடுத்தார். ஹமீதுதான் தயங்கித் தயங்கி, "லாத்தா, ஒங்க தொழுகைத் துப்பட்டிய ஸ்டூல்மேல போட்டுட்டுப் போறியளா? சும்மா ஒரு இதுக்கு..."

தொழுகைத் துணியை இதற்கா என்று கேட்டிருக்க வேண்டும். ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அதை என் தோள் மாதிரி விரித்துப் போட்டார்கள்.

வகுப்பு நன்றாகத்தான் ஆரம்பித்தது. நாலு பிள்ளைகள், பின்னால் அந்த அம்மா. கடையில் விலையை முதலில் இருபது சதவீதம் ஏற்றி, பிறகு இருபது சதவீதம் குறைத்தால் பழைய விலை வருமா? வரும் என்று நாலு பேரும் கத்தினார்கள். வராது என்று காட்டினேன். ஒரு பெண் வாயைத் திறந்தபடி பார்த்தாள். எவ்வளவு காலம் ஆயிற்று, ஒரு முகத்தில் அதைப் பார்த்து.

அப்போது மேஜைமேல் இருந்த கைப்பையில் போன் உறுமியது. நின்றது. மறுபடி. எடுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், தோற்கிறார்கள். அடுத்த கணக்கை எழுதினேன், பாதியில் மறந்தது. பின் வரிசையில் நியூயார்க் அணியின் நீல ஜெர்சி போட்ட பையன் மேஜைக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் ஸ்கோர் கேட்டேன்.

மாதிரி வகுப்பின் நடுவில். வாய் தானாகக் கேட்டது. அவன் மிரண்டு, பதினாலு பாயிண்ட் பின்னால் என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், பிறகு எதையோ குறித்துக்கொண்டார். மிச்ச நேரம் நான் மறுபடி போர்டைப் பார்த்தே பேசினேன்.

வீட்டுக்கு வந்தால் கதவுக்கு வெளியிலேயே கூச்சல். ஜெயித்துவிட்டார்கள். ப்ளேஆஃப். ஹமீது என் ஸ்வெட்டரைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுகிறான். இவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்படிப் பண்ணின?" என்றார்.

மேட்சைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "நல்லாதான் இருந்துச்சு," என்றேன்.

டிசம்பர் 26, புதன்

மூட்டம். சென்டரிலிருந்து போன். விஷயம் தெரிந்தவள்தானாம், ஆனால் கவனம் வேறெங்கோ இருந்ததாகத் தோன்றியதாம். வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். வாழ்த்துகள், இத்யாதி.

நன்றி சொன்னேன். ஃப்ரிட்ஜில் இருந்த சதவீதங்களை ஈரத் துணியால் துடைத்தேன். ஒரு மூலையில் மை போகவில்லை.

இவரிடம் சொன்னபோது உண்மையாகவே வருத்தப்பட்டார். "அவனுங்களுக்குக் குடுத்துவெக்கல. வேற எடம் பாப்போம்." தலையைத் தடவினார். ஸ்கோர் கேட்ட கதையை நான் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து:

"ஆனா ஒண்ணு கவனிச்சியா? நீ வெளிய போன பெறகுதான் ஸ்கோர் ஏறுச்சு. சேகரும் அதான் சொல்றான். ஸ்வெட்டர்லாம் இல்ல, நீ வெளிய இருக்கறதுதான் மேட்டரு."

ஜனவரி 6, ஞாயிறு

பனி உருகி ஓடுகிறது. ப்ளேஆஃப் முதல் மேட்ச், ஒரு மணிக்கு. காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்.

பன்னிரண்டு மணிக்கே பஜ்ஜி போட்டு மூடி வைத்தேன். இவரே கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டார். "மால், லைப்ரரி, எங்க வேணா போ. மூணு மணி நேரம்தான்." வாசலில் ரிஸ்வானா. "திஸ் இஸ் ஸோ டம்ப், உம்மா. நீங்க ஏன் போறீங்க?"

கடைசி வரியைத் தமிழில் கேட்டாள். ஷூ போட்டுக்கொண்டேன்.

மாலுக்குப் போகவில்லை. லைப்ரரிக்கும் போகவில்லை. டியூஷன் சென்டருக்கு எதிரே பார்க்கிங்கில் நிற்கிறேன். வேண்டுமென்று வரவில்லை, கை திருப்பியது. உள்ளே விளக்கு. புதிய டீச்சர் சின்னப் பெண், குதிரைவால் கட்டியிருக்கிறாள், பிள்ளைகளைப் பார்த்தே பேசுகிறாள். வாயைத் திறந்து பார்த்தாளே, அந்தப் பெண் ஜன்னல் ஓரம். நிமிர்ந்தால் என் கார் தெரியும். இங்கிருந்து போய்விட வேண்டும்.

கியர் போடும்போது போன். பின்னால் மூன்று பேரின் கூச்சல். "முன்னால போயிட்டோம், மெஹர்! நீ எங்க இருக்க?"

வெஸ்ட் வின்ட்சர் என்றேன்.

"அங்கேயே இரு. கார கொஞ்சம்கூட நகத்தாத, என்ன?"

சரி என்றேன். இன்ஜினை அணைத்தேன்.