செத்த மீனின் அவசரம்

அண்ணை,

வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் கொழும்புக்காரர்கள் நேற்று மயிலிட்டியில் நான் மீன் வாங்கும் வாடிக்கு வந்து, உங்கள் மகன் கொண்டுவந்த அறுக்குளா மீனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சோதனைத் தாள் நிறம் மாறி என் மேசையில் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

மீனைப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. கண் தெளிவு, செவுள் சிவப்பு. நீங்கள் இருந்திருந்தால் செவுளைத் தூக்கிக் காட்டியே அவர்களைக் கலைத்திருப்பீர்கள். சோதிக்க அவர்களோடு வந்தது ஒரு தெல்லிப்பழைப் பெண்பிள்ளை. பொறுமையாகத்தான் சொன்னாள்.

“மீன் செத்தாலும் தசைக்குள்ள இருக்கிற நொதியங்கள் வேலையை விடாது ஐயா. உயிரோட இருக்கேக்க பலம் குடுத்த பியூரின் எண்ட சரக்கைப் படிப்படியா உடைச்சுக்கொண்டே போகும். நடுப்படியிலதான் ருசி. அதையும் உடைச்சா, கடைசியில கசப்பு. கண்ணுக்குத் தெரிய முதல் தாள் காட்டிப்போடும்.”

“நிப்பாட்ட ஏலாதோ பிள்ளை?”

“ஏலாது. ஐஸ் போட்டா மெதுவாப் போகும்.”

ஐஸ்! இதற்குத்தானே அண்ணை, வருஷக்கணக்காக உங்களோடு தொண்டை கிழியக் கத்தினேன்? நான் சைக்கிளில் மீன் கட்டிப் புத்தூர்ப் பக்கம் விற்ற காலத்திலேயே, வெயில் ஏறினபிறகு வாங்கின பெண்கள் மறுநாள் ஏசின ஏச்சு எனக்குத் தெரியும். நீங்கள் படகும் வலையும் வைத்திருந்த, கரையின் பெரிய சம்மாட்டி. படகில் மீனை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, “செத்த மீனுக்கு என்னடா அவசரம்?” என்பீர்கள். கரை முழுக்க உங்களோடு சேர்ந்து சிரிக்கும்.

நீங்கள் இந்த உலகத்தை விட்டே போய்விட்டீர்கள். சாக்கு போகவில்லை. உங்கள் மகனைப் பிடித்துக் கேட்டேன்.

“அப்பா செய்தமாதிரித்தானே மாமா செய்யிறன்,” என்றான்.

“கொப்பர் இருந்தா அவரோட சண்டை பிடிச்சிருப்பன். உன்னோட என்னத்தைப் பிடிக்கிறது?”

அதுதான் என் எரிச்சல். நான் சொன்னது சரி என்று காட்டத் தாள் இருக்கிறது; உங்கள் மூக்குக்கு முன்னால் நீட்ட நீங்கள் இல்லை. கொழும்புக்காரர்கள் அடுத்த கிழமை இன்னொருதரம் வருவார்கள். அதிலும் தவறினால் மன்னார்ப் பக்கம் போய்விடுவார்கள். பிறகு இந்தக் கரை மீனை உள்ளூர்ச் சந்தையில்தான் கூவி விற்க வேண்டும்.

“இனிப் படகில ஐஸ் பெட்டி வை,” என்று உங்கள் மகனிடம் சொன்னேன்.

“பெட்டி வைச்சா வலைக்கு எங்க இடம்?”

“வலையில ஒரு துண்டைக் குறை.”

“ஐஸ் காசு ஆர் தாறது?”

அச்சொட்டாக உங்கள் குரல்.

பேசி முடித்தோம். ஐஸ் காசில் பாதி எனது, பாதி படகினது. பெட்டியில் வரும் மீனுக்குக் கொழும்பு விலை. சாக்கில் வரும் மீனை என் வாடி எடுக்காது, அது உங்கள் படகு மீனாக இருந்தாலும்.